ஒரு குடும்பம், இரண்டு அடுப்பு
வெளிநாட்டில் வாழும் துணையின் வருமானமும் கனடாவின் பிள்ளைக் கொடுப்பனவும்

ஸ்காபரோவில் ஒரு வாடகை வீட்டை நினைத்துக்கொள்வோம். நான்கு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். தாய் கனடியக் குடியுரிமை உள்ளவர். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து ஆண்டுக்கு 32,000 டொலர் ஈட்டுகிறார். தந்தை டுபாயில் வேலை செய்கிறார். கனடாவில் அவர் வாழ்ந்ததே இல்லை. அவரை அழைத்துக்கொள்வதற்கான ஸ்பொன்சர் விண்ணப்பம் குடிவரவுத் திணைக்களத்தில் கிடக்கிறது. மாதம் பிறந்தால் அவர் காசு அனுப்புகிறார். இரவில் பிள்ளைகள் தொலைபேசித் திரையில் அப்பாவின் முகம் பார்த்துவிட்டுத் தூங்குகிறார்கள்.

தாயின் வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூன் வரையான ஆண்டுக்கு இந்த வீட்டுக்குக் கனடா அரசின் குழந்தை நலக் கொடுப்பனவாக 14,745 டொலர் வர வேண்டும். தந்தை டுபாயில் ஈட்டுவது 55,000 கனடா டொலருக்குச் சமம் என்றால், வருவது ஏறத்தாழ 8,512 டொலர். மாதத்துக்கு 519 டொலர் குறைகிறது.

“அவர் இங்கே இல்லை. அவருடைய சம்பளத்துக்கு இங்கே வரியும் இல்லை. பிறகு எப்படி அதைக் கணக்கில் சேர்க்கிறார்கள்?” என்று அந்தத் தாய் கேட்பார். இது நியாயமான கேள்வி. இதற்குச் சட்டம் சொல்லும் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. மற்றப் பாதியைச் சட்டம் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பாதிகளையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பிறந்த கதை

தமிழர் பலர் ‘பிள்ளைக் காசு’ என்று சொல்லும் இந்த உதவி, தொடக்கத்தில் யாருடைய வருமானத்தையும் கேட்கவில்லை. 1943இல் லெனார்ட் மார்ஷ் தயாரித்த சமூகப் பாதுகாப்பு அறிக்கை பிள்ளைகளுக்கான கொடுப்பனவை வலியுறுத்தியது. 1944இல் மெக்கன்ஸி கிங் அரசு குடும்பக் கொடுப்பனவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1945 ஜூலையில் முதல் காசோலைகள் தாய்மாரின் பெயரில் போயின. பிள்ளையின் வயதைப் பொறுத்து மாதம் 5 முதல் 8 டொலர் வரை. ஆலை முதலாளியின் மனைவிக்கும் ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கும் ஒரே தொகை. கணவன் எங்கே இருக்கிறான், என்ன சம்பாதிக்கிறான் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

1978இல் பிள்ளைகளுக்கான வரித் தள்ளுபடி ஒன்று அறிமுகமானது. வரி கட்டாதவருக்கும் கையில் கிடைக்கும் தள்ளுபடி அது; அதன் அளவைக் குடும்பத்தின் மொத்த வருமானம் தீர்மானித்தது. கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் கூட்டிப் பார்க்கும் வழக்கம் பிள்ளைக் காசுக்குள் நுழைந்தது அப்போதுதான். 1993இல் பழைய பொதுக் கொடுப்பனவு கைவிடப்பட்டு எல்லாம் வருமானத்தோடு கட்டப்பட்டன. 2016 ஜூலையில் இன்றைய குழந்தை நலக் கொடுப்பனவு வந்தது. ஏழைக் குடும்பத்துக்குக் கூடுதலாகவும் வசதியான குடும்பத்துக்குக் குறைவாகவும் கொடுப்பது அதன் அடிப்படை.

இங்கே ஒரு முரண் தங்கிவிட்டது. கனடாவில் வருமான வரி தனிநபருக்கு உரியது. கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக வரிப் பத்திரம் நிரப்புகிறார்கள். குடும்பத்தையே வரியின் அலகாகக் கொள்ளலாம் என்று 1960களில் கார்ட்டர் ஆணைக்குழு சொன்ன யோசனை ஏற்கப்படவில்லை. ஆனால் கொடுப்பனவு என்று வந்ததும் அதே இருவரையும் அரசு ஒன்றாகக் கூட்டுகிறது. வரி தனி, உதவி கூட்டு. இந்தத் தையல் விட்ட இடத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் துணையின் சம்பளம் வந்து நிற்கிறது.

கூரையைப் பார்க்காத சட்டம்

வருமான வரிச் சட்டத்தின் 122.6ஆம் பிரிவு ‘கூடிவாழும் துணை’ என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறது. கேட்டதும் ஒரே வீட்டில் வாழ்பவர் என்று தோன்றும். சட்டம் தரும் பொருள் வேறு. மண உறவு முறிந்து, அந்த முறிவின் காரணமாகக் குறைந்தது 90 நாட்கள் தொடர்ந்து பிரிந்திருந்தால்தான் ஒருவர் ‘பிரிந்தவர்’. மற்றெல்லாரும் கூடிவாழ்பவர்களே. வேலைக்காக, படிப்புக்காக, நோய்க்காக, விசாவுக்காகப் பிரிந்திருப்பது பிரிவு ஆகாது. கடல் நடுவே கிடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் ஒரே வீட்டார். சட்டம் பார்ப்பது கூரையை அல்ல, தாலியை.

தாலி என்று சொன்னாலும் பதிவுத் திருமணம் மட்டுமே கணக்கில்லை. மண உறவுபோல 12 மாதங்கள் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தவர்களையும் வரிச் சட்டம் துணை என்றே கொள்கிறது.

துணை கனடாவில் வதியாதவர் என்றால், அவருடைய உலக வருமானத்தைச் சொல்வதற்கென்றே சீ.ரீ.பி. 9 என்ற படிவம் இருக்கிறது. அவர் வதியாதவராக இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். இங்கே இருக்கும் தாய் தன் வரிப் பத்திரத்தை ஏப்ரல் 30க்குள் ஒழுங்காக அனுப்பியிருந்தாலும், துணையின் கணக்கு போகாவிட்டால் ஜூலையில் புதிய கொடுப்பனவு ஆண்டு தொடங்கும்போது காசு நின்றுபோகலாம். துணைக்கு வருமானமே இல்லையென்றாலும் சுழியம் என்று எழுதத்தான் வேண்டும். வெறும் கட்டம் சுழியத்துக்குச் சமமாகாது.

எது வருமானம்?

துணை ஆண்டு முழுவதும் கனடாவில் வாழ்ந்திருந்தால் கனடியச் சட்டப்படி அவருடைய வருமானம் எவ்வளவாக இருந்திருக்கும்? கணக்கு இந்த அளவுகோலில்தான் நடக்கிறது. அவர் வாழும் நாட்டின் வரிச் சட்டம் என்ன சொல்கிறது என்பது இங்கே செல்லாது. இதிலிருந்து பலரும் எதிர்பாராத விளைவுகள் பிறக்கின்றன.

வளைகுடா நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ‘வரியில்லாத காசு’ என்பதால் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அது முழுதும் கணக்கில் வரும். இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. தஞ்சாவூரில் வயல் வைத்திருக்கும் கணவன் அங்கே அதற்கு ஒரு ரூபாயும் வரி கட்ட மாட்டார். இங்கே மனைவியின் பிள்ளைக் காசுக்கு அந்த வயலின் இலாபமும் கணக்காகும். வீட்டு வாடகை, வங்கி வட்டி, ஓய்வூதியம், காணி விற்ற இலாபத்தில் கனடியச் சட்டப்படி சேர வேண்டிய பகுதி எல்லாம் இதில் அடங்கும்.

ஜேர்மனியிலோ பிரித்தானியாவிலோ வேலை செய்பவருக்கு நிலைமை வேறு விதத்தில் கசக்கும். அங்கே சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடித்துவிடுவார்கள். கொடுப்பனவுக்குக் கணக்கில் எடுப்பதோ வரிக்கு முந்திய நிகர வருமானம். கட்டிய வெளிநாட்டு வரி அந்த எண்ணைக் குறைக்காது. டுபாயில் 55,000 முழுதும் கையில் வாங்குபவரும், பேர்லினில் அதே 55,000த்தில் கணிசமான பகுதியை வரிக்கும் காப்புறுதிக்கும் கொடுத்தவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள்.

கணவன் வீட்டுக்கு அனுப்பும் காசு மனைவியின் வருமானமாகாது என்பது ஓர் ஆறுதல். அனுப்பினாரா, எவ்வளவு அனுப்பினார் என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. ஆனால் அதே காரணத்தால், ஒரு சதமும் அனுப்பாத கணவனின் சம்பளமும் முழுதாகக் கூட்டப்படுகிறது.

எண்கள் சொல்வது

2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டில், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உச்சத் தொகை 7,997 டொலர். 6 முதல் 17 வயது வரை 6,748 டொலர். குடும்பத்தின் நிகர வருமானம் 37,487 டொலர் வரை இருந்தால் உச்சத் தொகை முழுதும் கிடைக்கும். அதற்கு மேல் 81,222 டொலர் வரை, ஒரு பிள்ளை இருந்தால் மிகுதி வருமானத்தில் 7 சதவீதமும், இரண்டு பிள்ளைகள் இருந்தால் 13.5 சதவீதமும், மூன்றுக்கு 19 சதவீதமும், நான்கு அல்லது அதற்கு மேல் 23 சதவீதமும் கழிக்கப்படும். 81,222க்கு மேல் கழிவு மெதுவாகும்: முறையே 3.2, 5.7, 8, 9.5 சதவீதம். கொடுப்பனவுக்கு வரி இல்லை. ஒவ்வொரு ஜூலையிலும் முந்திய நாட்காட்டி ஆண்டின் வருமானத்தை வைத்துப் புதிதாகக் கணக்கிடுவார்கள்.

நம் ஸ்காபரோத் தாயையே மூன்று நிலையில் வைத்துப் பார்க்கலாம்.

கணவன் யாழ்ப்பாணத்தில் மாதம் 60,000 ரூபாய் வாங்கும் ஆசிரியர் என்போம். ஆண்டுக்கு 7,20,000 ரூபாய். டொலருக்கு 220 இலங்கை ரூபாய் என்று வைத்தால் இது 3,273 டொலர். குடும்ப வருமானம் 35,273. எல்லைக்குள் நிற்கிறது, ஒரு சதமும் குறையாது.

கணவன் கோயம்புத்தூரில் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வாங்கும் பொறியியலாளர் என்றால், டொலருக்கு 60 இந்திய ரூபாய் என்ற கணக்கில் 20,000 டொலர். குடும்ப வருமானம் 52,000. எல்லைக்கு மேலே 14,513 டொலர், அதில் 13.5 சதவீதமாக 1,959 டொலர் குறையும்.

டுபாய்க் கணக்கில் குடும்ப வருமானம் 87,000 டொலர். முதல் படியில் 5,904 டொலரும், 81,222க்கு மேலான 5,778 டொலரில் 5.7 சதவீதமாக 329 டொலரும் சேர்ந்து 6,233 டொலர் போகிறது. இத்தோடு முடியவில்லை. ஒன்ராறியோ மாகாணம் தரும் குழந்தைக் கொடுப்பனவும் இதே குடும்ப வருமானத்தைப் பின்பற்றுகிறது. அது தாழ்ந்த எல்லையில் தொடங்கி 8 சதவீதமாகக் குறையும். இந்த வீட்டுக்கு அது முற்றாக நின்றுவிடும்.

நாணய மாற்றும் இந்தக் கணக்கில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. 2022இல் இலங்கை ரூபாய் சரிந்தபோது, இலங்கைச் சம்பளத்தின் டொலர்ப் பெறுமதியும் சரிந்தது. அங்கே அந்தச் சம்பளத்தில் அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் குடும்பங்கள் திணறிய அதே நாட்களில் இங்கே குடும்ப வருமானம் குறைந்து தெரிந்திருக்கும். மாறாக, அமீரகத் திர்ஹமும் சவூதி ரியாலும் அமெரிக்க டொலரோடு கட்டப்பட்டவை. கனடா டொலர் அமெரிக்க டொலருக்கு எதிராக இறங்கினால், வளைகுடாவில் சம்பள உயர்வே இல்லாதவரின் வருமானமும் இங்கே ஏறித் தெரியும். பிள்ளைக் காசு குறையும்.

தவறு நேரும் மூன்று இடங்கள்

முதலாவது, புதுத் திருமணம். தனித்திருந்து பிள்ளை வளர்க்கும் தாயோ தந்தையோ 2026 ஜனவரியில் ஊருக்குப் போய் மறுமணம் செய்கிறார் என்போம். புதுத் துணைக்கு விசா வந்து அவர் விமானம் ஏறுவதற்கு இன்னும் காலம் இருக்கலாம். ஆனால் திருமணம் நடந்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்தே கொடுப்பனவு இருவர் வருமானத்திலும் கணக்கிடப்படும். அதுவும் 2024இல் அவர் ஈட்டிய வருமானத்தை வைத்து. அப்போது அவருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் எந்தத் தொடர்பும் இருந்திராது. மண நிலை மாறினால் அடுத்த மாத முடிவுக்குள் கனடா வருவாய் முகவரகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. துணை வந்து சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தவர்கள், இடைப்பட்ட மாதங்களில் கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். வருங்காலக் கொடுப்பனவிலும் வரி மீளளிப்பிலும் அதைக் கழித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, புதிதாய் வந்து சேரும் குடும்பம். 2025 மார்ச்சில் வந்தவர்களுக்கு அந்த ஜூன் வரை 2023ஆம் ஆண்டின் வருமானமும், அடுத்த ஜூன் வரை 2024ஆம் ஆண்டின் வருமானமும் அடிப்படை. இரண்டுமே ஊரில் ஈட்டியவை. அங்கே நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு இங்கே வேலை தேடி அலைபவருக்கு, கையில் காசில்லாத முதல் ஆண்டிலேயே பழைய சம்பளத்தின் பேரில் உதவி குறையும்.

மூன்றாவது, கனடாவில் வாழ்ந்தபின் வேலைக்காக வெளிநாடு போனவர். ‘நான் வதியாதவர்’ என்று அவர் தானாக முடிவுசெய்துவிட முடியாது. கனடாவில் வீடு, மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியவற்றை வருவாய் முகவரகம் முக்கியமான வதிவிடப் பிணைப்புகளாகக் கொள்கிறது. மனைவி மக்களை மிசிசாகாவில் விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போனவர் பெரும்பாலும் வரிக் கணக்கில் கனடா வதிவாளராகவே தொடர்வார். அப்படியென்றால் அவர் வெளிநாட்டுச் சம்பளத்தையும் சேர்த்து இங்கே வரிப் பத்திரம் நிரப்ப வேண்டும், சீ.ரீ.பி. 9 படிவம் அவருக்கு உரியதே அல்ல. சில வேளை இரு நாட்டு வரி உடன்படிக்கை இந்த முடிவை மாற்றும். இந்த ஒரு விடயத்தில் மட்டுமாவது, பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பாமல், உடன்படிக்கை படித்த கணக்காளர் ஒருவரிடம் கேட்பது நல்லது.

நியாயமான பாதி

சட்டத்தின் பக்கம் இருந்து பார்ப்போம். அந்த ஸ்காபரோத் தாயின் பக்கத்து வீட்டில் இன்னொரு குடும்பம். மனைவிக்கு 32,000, கணவனுக்கு 55,000; இருவரும் இங்கேயே உழைக்கிறார்கள். அவர்களுக்கும் 8,512 டொலர்தான். டுபாய்ச் சம்பளத்தை மட்டும் கண்ணை மூடி விட்டுவிட்டால், ஒரே வருமானமுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு 6,233 டொலர் கூடுதலாகப் போகும். பக்கத்து வீட்டுக் கணவன் தன் 55,000க்கு இங்கே வரியும் கட்டுகிறார். ஆகவே வெளிநாட்டு வருமானத்தைக் கேட்பதே அநியாயம் என்று சொல்ல முடியாது. உதவி தேவையின் அளவில் போக வேண்டுமென்றால், குடும்பத்தின் கைக்கு எங்கிருந்து வந்தாலும் அது கணக்கில் வரத்தான் வேண்டும்.

விடுபட்ட பாதி

ஆனால் பக்கத்து வீட்டில் ஓர் அடுப்பு எரிகிறது. நம் வீட்டில் இரண்டு. ஸ்காபரோவில் ஒரு வாடகை, டுபாயில் ஒரு வாடகை. இரண்டு மின்கட்டணம், இரண்டு இடத்துச் சாப்பாடு, நடுவே விமானச் சீட்டு. தாய் மாலை நேர வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொரு ஆள் இல்லை. வருமானம் கூட்டப்படுகிறது, செலவு கூட்டப்படவில்லை. ஒரே வீட்டில் இருவர் வாழ்ந்தால் செலவு குறையும் என்ற எண்ணமே குடும்ப வருமானத்தை ஒன்றாகப் பார்ப்பதற்கு ஒரு காரணம். அந்த இலாபம் கிடைக்காத குடும்பத்தையும் கிடைத்ததாகவே சட்டம் நடத்துகிறது.

இன்னொரு பக்கம் இதைவிடக் கூர்மையானது. உண்மையிலேயே உறவு முறிந்து பிரிந்த தாய்க்கு முன்னாள் கணவனின் வருமானம் கணக்கில் வராது. நீதிமன்றம் பிள்ளைக்கென விதித்து அவர் கொடுக்கும் பராமரிப்புக் காசும், 1997 ஏப்ரல் மாதத்துக்குப் பிந்திய ஏற்பாடுகளில், தாயின் வருமானமாகாது. உறவைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்கும் தாய்க்கோ கணவனின் ஒவ்வொரு திர்ஹமும் கணக்கில் வருகிறது. முறிந்த மணத்தைவிட, கடல் கடந்து தாங்கிப்பிடித்த மணம் இந்தக் கணக்கில் அதிகம் இழக்கிறது.

‘பிரிந்திருக்கிறோம்’ என்ற கட்டத்தில் அடையாளமிடும் சபலம் இங்கேதான் பிறக்கிறது. சிலர் தெரிந்தே செய்கிறார்கள். பலர் ‘அவர் இங்கே இல்லைத்தானே’ என்று அச்சொல்லை அதன் பேச்சு வழக்குப் பொருளில் எடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. ஸ்பொன்சர் கோப்பில் ‘எங்கள் மணம் உயிரோடிருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தவர், வரிக் கோப்பில் ‘மணம் முறிந்தது’ என்று சொன்னவராகிறார். காசைத் திருப்பிக் கட்டுவதோடு போகாமல், கணவனை அழைக்கும் வழியையும் அந்த ஒரு கட்டம் அடைத்துவிடக்கூடும்.

அகதியாக வந்து பாதுகாப்புப் பெற்றவர்களின் பாடு இன்னும் கடினம். துணை மூன்றாவது நாடொன்றில் பதிவில்லாமல் கூலிவேலை செய்துகொண்டிருப்பார். சம்பளச் சீட்டு இல்லை, வரிப் பத்திரம் இல்லை. முகவரகம் பின்னால் சான்று கேட்டால் எதைக் காட்டுவது? இப்போதைக்குச் செய்யக்கூடியது, அனுப்பிய காசின் பற்றுச்சீட்டு, வங்கிப் பதிவு, வேலை கொடுத்தவரின் கடிதம் என்று கிடைப்பதையெல்லாம் ஆறு ஆண்டுகளுக்குப் பத்திரப்படுத்தி வைப்பது மட்டும்.

செய்யக்கூடியது

வெளிநாட்டு வருமானத்தைக் கேட்காதீர்கள் என்று நான் வாதிடவில்லை. கேட்கும்போது குடும்பம் இரண்டு இடத்தில் வாழ்வதையும் கேளுங்கள் என்பதே என் வாதம். வதியாத துணையின் வருமானத்திலிருந்து, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அவருடைய தனிக் குடித்தனச் செலவைக் கழிக்க அனுமதிக்கலாம். எல்லாருக்கும் அது இயலாது என்றால், துணைக்கான குடிவரவு விண்ணப்பம் அரசின் வரிசையில் நிற்கும் காலத்துக்காவது அனுமதிக்கலாம். அந்தக் குடும்பம் தன் விருப்பத்தால் இரண்டு அடுப்பு மூட்டவில்லை. விண்ணப்பம் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அரசு. அந்தக் காத்திருப்பின் செலவைப் பிள்ளையின் காசிலிருந்து எடுப்பதும் அதே அரசு.

‘சீ.ரீ.பி. 9’ படிவத்தில் துணையின் பெயருக்கு இடமுண்டு, நாட்டுக்கு இடமுண்டு, வருமானத்துக்கு இடமுண்டு. அவர் அங்கே கொடுக்கும் வாடகைக்கும் ஒரு வரி ஒதுக்கினால் போதும். திரையில் அப்பாவைப் பார்த்துத் தூங்கும் அந்த இரண்டு பிள்ளைகளின் வீடு, கணக்கிலாவது உள்ளபடி தெரியும்.